காசு நோட்டம் அறியாதவர் காசு விற்கலாமா?



நம் குழுவின் தவறு ஒன்றைச் சொல்லித்தான் இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. ஒரு ரமளானுக்குச் சில வாரங்களுக்கு முன், மஹல்லாவின் மருத்துவ உதவி நிதிக்காகச் சிறிய ஏலம் ஒன்றை நடத்தினோம். வீடுகளிலிருந்து வந்த கைத்தறித் துணி, பழைய வெண்கலப் பாத்திரம், எழுத்தணிச் சட்டங்கள் ஆகியவற்றோடு, முதியவர் ஒருவர் தம் பாட்டனார் வைத்திருந்ததாகக் கூறி ஒரு வெள்ளிக்காசையும் தந்தார். ஒரு பக்கம் சதுரத்துக்குள் கலிமா, சுற்றிலும் நான்கு கலீஃபாக்களின் பெயர்கள். மறுபக்கம் ஷாஜஹானின் பெயர். அதைக் கையில் வாங்கியபோது நம்மில் பலருக்கு மெய்சிலிர்த்தது. அது மெய்யா பொய்யா என்ற கேள்வி ஒருவருக்கும் எழவில்லை. தந்தவர் தொழுகையாளி, தந்த நோக்கம் தூயது, காசில் இருப்பதோ கலிமா. பிறகென்ன ஆய்வு வேண்டும் என்று எண்ணிவிட்டோம்.

‘முகலாயர் காலத்து அசல் கலிமா ரூபாய்’ என்று ஒலிபெருக்கியில் அறிவித்தோம். அயல்நாட்டில் பணிபுரிந்து விடுப்பில் வந்திருந்த சகோதரர் ஒருவர் அதை 28,000 ரூபாய்க்கு எடுத்தார். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: வாங்கும் எண்ணமே இல்லாத நம் குழுவினர் இருவர், நற்காரியம்தானே என்று கேள்வித்தொகையை இடையிடையே ஏற்றிவிட்டனர். வாங்கும் நோக்கமின்றி விலையை உயர்த்தும் அச்செயலுக்கு ‘நஜ்ஷ்’ என்று பெயர். நபிகளார் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்திருக்கிறார்கள். ஏலம் நடந்த இரவில் அந்தச் சொல் ஒருவர் நினைவுக்கும் வரவில்லை.

மூன்று மாதங்கள் கழித்துச் சகோதரர் அந்தக் காசோடு வந்தார். சென்னையில் பழங்காசு சேகரிக்கும் நண்பரிடம் காட்டியிருக்கிறார். அவர் தராசில் வைத்தபோது 9.3 கிராம் காட்டியது. முகலாய ரூபாய் ஏறத்தாழ பதினொன்றரை கிராம் எடையுள்ளது. புழக்கத்தில் தேய்ந்தாலும் இரண்டு கிராம் தேயாது. விளிம்பைச் சுற்றி, அரத்தால் தேய்த்து மறைக்கப்பட்ட மெல்லிய கோடு இருந்தது. அது இரு பாதி அச்சுகளை இணைத்து உலோகத்தை வார்த்ததன் தடம். உருப்பெருக்கியில் பார்த்தால் பரப்பெங்கும் ஊசிமுனை போன்ற குழிகள். எழுத்துகளின் ஓரம் சோப்புக்கட்டி கரைந்ததுபோல் மழுங்கியிருந்தது. மேடான இடங்களில் வெள்ளி நிறம் போய் மஞ்சள் தெரிந்தது. அவர் சினந்து பேசவில்லை. மேசையில் காசை வைத்துவிட்டு, “நீங்கள் சொன்னதால்தான் வாங்கினேன்” என்று மட்டும் சொன்னார்.

அன்று இஷாவுக்குப் பின் குழு கூடியது. எப்படியும் அது ஸதகாவாகத்தானே சென்றது, அவரிடம் பேசி அப்படியே விட்டுவிடலாம் என்றனர் சிலர். பணம் முழுவதும் ஒரு சிறுநீரக நோயாளியின் சிகிச்சைக்குச் செலவாகியிருந்தது. வேறு சிலர், நாம் தெரிந்து ஏமாற்றவில்லையே, தெரியாமல் செய்ததற்குக் குற்றமில்லையே என்றனர். இந்த இரண்டாவது வாதம்தான் நம்மைப் பல நாள் சிந்திக்க வைத்தது. மேலோட்டமாகப் பார்த்தால் அது நியாயமாகவே தெரிகிறது.

அதற்கான விடை ஏறத்தாழ தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருக்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யா உலூமித்தீன் நூலில், பொருளீட்டலின் ஒழுக்கங்களைப் பேசும் பகுதியில், கள்ளக்காசைப் பற்றித் தனியே எழுதுகிறார்கள். காசின் தரமறியும் கலையைக் கற்பது வணிகருக்குக் கடமை என்பது அவர்களின் நிலைப்பாடு. தாம் ஏமாறாமல் இருக்க வேண்டும் என்பது அதற்குக் காரணமன்று. தம்மை அறியாமலேயே இன்னொரு முஸ்லிமின் கையில் போலியைக் கொடுத்துவிடக்கூடாது என்பதே காரணம். அப்படிக் கொடுத்துவிட்டால், கற்க வேண்டியதைக் கற்காமல் விட்ட குறைக்காக அவர் பாவியாகிறார். அதாவது ‘எனக்குத் தெரியாது’ என்பது மன்னிப்புக்கான காரணமாவதற்கு முன், ‘தெரிந்துகொள்ள ஏன் முயலவில்லை’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இமாமவர்கள் பேசியது அன்றாடம் கைமாறிய தீனாரையும் திர்ஹமையும் பற்றி. இன்று நாம் விற்பதோ சேகரிப்பவர் விரும்பும் பழங்காசு. ஆனால் பொறுப்பு மாறவில்லை. பழங்காசில் விலை உயர்வதால் அது கூடுகிறது என்றே கருதுகிறோம்.

தமிழகத்தில் இக்கலைக்கு ‘நோட்டம்’ என்று பழம்பெயர் உண்டு. நோட்டம் பார்ப்பவர் நோட்டக்காரர். அதற்கும் முன்னே வண்ணக்கன் என்றார்கள். சங்கப் புலவர்கள் சிலரின் பெயரோடு அச்சொல் ஒட்டியிருக்கிறது. சந்தை இருந்த இடமெல்லாம் காசைத் தட்டிப் பார்த்து, எடை போட்டு, உரசி அறிந்து சொல்ல ஒருவர் இருந்தார். பழைய ரூபாய்களின் மேல் சிறு குத்துத் தடங்கள் காணப்படுவது அதனால்தான்: உள்ளேயும் வெள்ளிதானா என்று சராப்புகள் சோதித்த முத்திரைகள் அவை. இன்று அந்த மனிதர் சந்தையில் இல்லை. அவர் செய்த வேலையை விற்பவரே செய்ய வேண்டியிருக்கிறது.

அது அவ்வளவு கடினமான வேலையுமன்று. நம் வீடுகளில் பெரும்பாலும் கிடைப்பது பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய். விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் மூவர் காலத்திலும், ஆறாம் ஜார்ஜின் தொடக்க ஆண்டுகளிலும் அதன் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா; நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. போலியைத் தடுக்க விளிம்பின் நடுவே பள்ளக்கோடு ஒன்றும் சேர்த்தனர். 1947இல் புலி உருவத்தோடு வந்த ரூபாயில் வெள்ளியே இல்லை, முழுவதும் நிக்கல். இதை அறியாமல், ‘காந்தத்தில் ஒட்டினால் போலி’ என்ற அரைகுறை விதியை வைத்து ஒருவர் நல்ல 1947 ரூபாயைக் குப்பையில் எறியப் பார்த்தார். நிக்கல் காந்தத்தில் ஒட்டத்தான் செய்யும். வெள்ளியும் தங்கமும் ஒட்டா. காந்தத்தில் ஒட்டும் விக்டோரியா ரூபாயின் மேல் அதற்குப் பிறகு நேரம் செலவிட வேண்டியதில்லை.

முதலில் தேவை 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு. எடை சரியாக இருந்தால் அடர்த்தியைப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு குவளை நீரும் ஒரு நூலும் போதும். நீர்க்குவளையைத் தராசில் வைத்து எண்ணைச் சுழியமாக்கிவிட்டு, நூலில் கட்டிய காசை அடியிலும் பக்கத்திலும் படாதவாறு நீருக்குள் முழுவதுமாகத் தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டுவது, காசு விலக்கிய நீரின் எடை. காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். நல்ல விக்டோரியா ரூபாய்க்குத் தராசு 1.13 கிராம் அளவில் காட்டும், வகுத்தால் 10.3 சுற்றி வரும். 22 காரட் தங்கக்காசுக்கு 17.5 அளவில் வர வேண்டும். பித்தளை மேல் முலாம் பூசியது எட்டரைக்கு அருகிலேயே நின்றுவிடும். நகைக்கடைகளில் உள்ள எக்ஸ் கதிர்க் கருவியும் உதவும். ஆயினும் அது மேற்பரப்பை மட்டுமே படிக்கிறது என்பதால், தடித்த முலாமின் முன் அது ஏமாறக்கூடும். ஆகவே நீர்ச்சோதனையை விட்டுவிட வேண்டாம். மேற்சொன்ன கலிமா ரூபாயை ஏலத்துக்கு முன் இவ்வாறு சோதித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் நாம் செலவிடவில்லை.

உலோகம் மெய்யாக இருந்தும் காசு பொய்யாக இருப்பதுண்டு. நம்மவர்களுக்கு இது வியப்பளிக்கலாம். ‘பவுன்’ என்று நாம் தங்கத்தை அளக்கும் சொல்லே இங்கிலாந்தின் சவரன் காசிலிருந்து வந்தது, 7.99 கிராம், 22 காரட், உள்ளே 7.32 கிராம் தூய தங்கம். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெய்ரூட் போன்ற இடங்களில் இக்காசுகள் அரச ஆலைக்கு வெளியே பெருமளவில் அடிக்கப்பட்டன. அவற்றில் பலவற்றின் தங்கம் சரியானதே. எடையும் ஏறத்தாழ சரி. எழுத்தின் வடிவத்திலும், அரசரின் தாடியின் நுணுக்கத்திலும்தான் வேறுபாடு. தங்கமாக விற்பவர் அவற்றின் எடைக்கும் தரத்துக்கும் உரிய விலையைக் கேட்பதில் தவறில்லை. ‘1918இல் பம்பாயில் அடித்த அரிய சவரன்’ என்று சொல்லி அதற்கு மேல் விலை வைத்தால், அந்தச் சொல்லுக்கு விற்பவர் பொறுப்பேற்க வேண்டும். பம்பாயில் அடித்த மெய்யான சவரனில் ஆலையைக் குறிக்கும் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து சிறிதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அதைப் பின்னாளில் ஒட்டுவதும் போலி செய்பவர்க்கு அரிதன்று.

ஆண்டு எண்ணைத் திருத்துவது இன்னொரு வகை. 1939ஆம் ஆண்டு ரூபாய் மிக அரிது. அடித்தவற்றுள் பெரும்பகுதி உருக்கப்பட்டுவிட்டது. 1938 அவ்வளவு அரிதன்று. எனவே 8ஐச் சுரண்டி 9 ஆக்கும் ‘தொழில்’ நெடுங்காலமாக நடக்கிறது. உடன்பிறந்தார் ஐவர் தம் தாயாரின் தகரப்பெட்டியை நம்மிடம் கொணர்ந்தபோது, அதிலிருந்த ஒரு 1939 ரூபாயை நம்பி மூத்தவர் வீட்டுக் கடனைத் தீர்க்கும் கணக்கே போட்டு வைத்திருந்தார். உருப்பெருக்கியில் அந்த 9இன் சுழியைச் சுற்றி மட்டும் பரப்பு சொரசொரப்பாக, வேறு நிறத்தில் இருந்தது. எடை சரி, வெள்ளி சரி, அரசரின் தலை சரி; ஓர் எண் மட்டும் பொய். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “வாங்க வருபவருக்கு இது தெரியுமா?” என்று கேட்டார். தெரியாதிருக்கலாம் என்றோம், அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. பொறுப்பு இப்போது அவர் கையில் இருந்தது. மதீனத்துச் சந்தையில் நபிகளார் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கைவிட்டு உள்ளிருந்த ஈரத்தைக் கண்டதும், அதை மேலே வைத்திருக்கலாமே என்று வணிகரைக் கேட்டதும் அவர் அறியாததன்று. மறுநாள் வந்தவரிடம் அவர் எண்ணைச் சுட்டிக்காட்டினார். அது வெள்ளி விலைக்குத்தான் போனது.

அந்தப் பெட்டியில் வேறொரு படிப்பினையும் இருந்தது. வாரிசுரிமைப் பங்கீடு செய்யும்போது, ‘ஆளுக்கு இத்தனை காசு’ என்று எண்ணிப் பிரித்துக்கொள்ள அவர்கள் முடிவு செய்திருந்தனர். ஆண் பெண் பங்கு முறைப்படியே எண்ணியிருந்தார்கள். ஆனால் எண்ணப்பட்டவை ஒரே மதிப்பின அல்ல. பாதி வெள்ளி ரூபாயும் முழு வெள்ளி ரூபாயும் ஒரே அளவில், ஒரே முகத்தோடு கலந்திருந்தன. மதிப்பறியாமல் செய்யும் பங்கீடு எண்ணிக்கையில் சரியாகவும் உரிமையில் தவறாகவும் முடியும். சகோதரிகளின் பங்கில்தான் பெரும்பாலும் இப்படித் தவறு நேர்கிறது என்பதையும் அனுபவத்தில் கண்டிருக்கிறோம்.

இனி மதிப்பு. மெய்யான காசு என்று உறுதியானதும் பலர் உடனே கைப்பேசியைத் திறந்து, யாரோ கேட்டிருக்கும் விலையைப் பார்க்கின்றனர். கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு. ஒரு விக்டோரியா ரூபாய்க்கு ஒருவர் பத்து இலட்சம் கேட்கலாம். கேட்பதற்குத் தடையில்லை, கொடுப்பதற்கு ஆளுமில்லை. நாணய ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலைகளை வெளியிடுகின்றன. அதே ஆண்டு, அதே ஆலை, அதே தேய்மானம் உள்ள காசு என்ன விலைக்குப் போனது என்பதை அங்கே பார்க்க வேண்டும். அடிமட்ட விலை என்றும் ஒன்று உண்டு: 11.66 கிராம் ரூபாயில் 10.69 கிராம் தூய வெள்ளி இருக்கிறது. அன்றைய வெள்ளி விலையால் அதைப் பெருக்கினால், அதற்குக் கீழே விற்கக்கூடாத எல்லை தெரிந்துவிடும்.

பழமையையே மதிப்பாகக் கருதுவதும் பரவலான பிழை. 1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாய் அந்த ஓர் ஆண்டில் மட்டும் அடிக்கப்பட்டதன்று. பல ஆண்டுகள், 1874 வரை, அதே எண்ணோடு அடித்தனர். 1840 என்றிருக்கும் கும்பினி ரூபாயும் அப்படியே. ஆகவே இரண்டும் ஏராளம். மாறாக, அவற்றைவிடப் பல்லாண்டு இளைய 1939 ரூபாய் அரிது. நம் கலிமா ரூபாய்க்கே வருவோம்: ஷாஜஹானின் வெள்ளி ரூபாய்கள், குறிப்பாக சூரத் ஆலையில் அடித்தவை, எளிதில் கிடைப்பவை. அது அசலாகவே இருந்திருந்தாலும் 28,000 பெறுமதி இராது. ஆக, நாம் இருமுறை தவறினோம்.

1911ஆம் ஆண்டு ரூபாயின் கதை நம் சமுதாயத்தோடு தொடர்புடையது. ஐந்தாம் ஜார்ஜின் முதல் ரூபாயில், அவர் அங்கியில் தொங்கிய பதக்கமாலையின் யானை, துதிக்கை குட்டையாகப் பன்றியைப்போல் தெரிந்தது. முஸ்லிம்களிடையே எதிர்ப்பு எழுந்தது. காசுகள் திரும்பப் பெறப்பட்டன, பெரும்பகுதி உருக்கப்பட்டது, 1912இல் யானைக்கு ஒழுங்கான துதிக்கை கிடைத்தது. அந்தக் காசு இன்று சேகரிப்பவர் விரும்பும் பொருள்தான். சாதாரண ரூபாயைவிடக் கூடுதல் விலையும் பெறும். ஆனால் கதையின் சுவையை விலையாக்கி இலட்சங்கள் பேசுவோரை நம்ப வேண்டியதில்லை.

மதிப்பைக் கெடுக்கும் வேலையை நாமே செய்வதுதான் வேதனை. காசு வெளியே வந்ததும் முதலில் அதைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்க்கிறோம். இப்போது பற்பசையும் சேர்ந்துகொண்டது. நூற்றாண்டாகப் படிந்த கருநிறம் சேகரிப்பவருக்கு அழகு, மெய்மைக்கு ஒரு சான்றும்கூட. தேய்த்துப் பளபளப்பாக்கிய காசின் விலை பெரும்பாலும் பாதிக்கும் கீழே போகும். காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த காசும், சேகரிப்பவரைப் பொறுத்தவரை உலோக விலைக்கு இறங்கிவிடுகிறது. பற்றவைப்பின் தழும்பை நீக்கி மெருகிட்டு விற்பவர், அதைச் சொல்லி விற்க வேண்டும்.

மக்கள் ஏமாறும் இன்னும் சில இடங்கள் உள்ளன. 1818 என்றும், தெய்வ உருவங்களோடும் கிடைக்கும் ‘கும்பினிக் காசுகள்’ கும்பினியால் வெளியிடப்பட்டவை அல்ல. கோயில் நினைவு வில்லைகள் என்ற பெயரில் பின்னாளில் செய்தவை. அரிசியை இழுக்கும் காசு என்று சொல்லித் தமிழகத்தில் நடந்த மோசடிகளில் இவையும் இடம்பெற்றன. பழைய நாணயத்துக்கு இலட்சங்கள் தருவதாகச் சொல்லி, முதலில் பதிவுக் கட்டணமும் வரியும் கேட்கும் கைப்பேசி அழைப்புகளைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது: அவ்வங்கி இத்தகைய வணிகத்தில் ஈடுபடுவதில்லை, யாரிடமும் கட்டணம் கேட்பதுமில்லை. வாங்குபவர் விற்பவரிடம் முன்பணம் கேட்கும் வியாபாரம் உலகில் எங்கே இருக்கிறது?

நம்மிடையே மட்டும் நடமாடும் ஏமாற்று ஒன்றுண்டு. 786 என்று முடியும் ரூபாய்த் தாளை ஆயிரங்களுக்கு விற்பதும், கலிமாக் காசைப் பெட்டியில் வைத்தால் பரக்கத் பெருகும் என்பதும். தாளின் வரிசை எண் எந்தப் பரக்கத்தையும் தருவதில்லை. அதற்கு மார்க்கத்தில் ஆதாரம் இருப்பதாக நாம் அறியவில்லை. கலிமாக் காசைப் பொறுத்தவரை ஒரு வரலாற்றுச் செய்தி போதும்: தூய வாக்கு தகாத இடங்களில் பட்டு இழிவுறுமே என்று ஔரங்கசீப் தம் காசுகளில் கலிமாவைப் பொறிப்பதை நிறுத்தினார். அவர் எதற்கு அஞ்சினாரோ, அதைத்தான் நாம் ஏலத்தில் கூவி விற்றோம். கலிமாவின் மேலுள்ள நம் அன்பைப் போலி செய்பவர் நன்கறிவர். அதனாலேயே கலிமா பொறித்த போலிகள் சந்தையில் மலிந்திருக்கின்றன.

அறிந்தவர் வாங்கி, அறியாதவர் விற்கும்போது என்ன செய்வது? இங்கே நம் கருத்து சிலருக்குக் கசக்கலாம். கணவரை இழந்த பெண்மணி ஒருவர் கொண்டுவரும் பெட்டியில் அரிய காசொன்றைக் கண்டும், ‘எல்லாம் எடைக்கு எடை’ என்று எடுத்துக்கொள்ளும் வணிகர்கள் நம்மிடையேயும் உள்ளனர். என் அறிவுக்கான கூலி அது என்பது அவர்கள் வாதம். நகருக்கு வெளியே சென்று, சந்தை விலை அறியாத வணிகக் கூட்டத்தாரிடம் வழியிலேயே சரக்கை வாங்குவதை நபிகளார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து உண்மை விலை அறிந்தால், விற்பனையை முறிக்கும் உரிமையையும் அவருக்கு அளித்தார்கள். அறிவுக்குக் கூலி வேண்டுமெனில் மதிப்பீட்டுக் கட்டணமாக வெளிப்படையாகக் கேட்கலாமே. நியாயமான இலாபமும் எடுக்கலாம். அடுத்தவரின் அறியாமையை இலாபக் கணக்கில் சேர்ப்பதை நம்மால் ஏற்க முடியவில்லை.

தங்கம், வெள்ளிக் காசுகளைக் காசுக்குக் காசாக மாற்றிக்கொள்ளும் சேகரிப்பாளர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு அரிய வெள்ளி ரூபாய்க்கு மூன்று சாதாரண வெள்ளி ரூபாய் என்ற மாற்று, வெள்ளிக்கு வெள்ளி ஏற்றத்தாழ்வாகக் கைமாறுவதாகும். கைபரிலிருந்து வந்த உயர்ந்த பேரீச்சம்பழத்துக்கு மட்டமானதைக் கூடுதலாகக் கொடுத்து மாற்றியதை நபிகளார் (ஸல்) அவர்கள் ஏற்காமல், ஒன்றைப் பணத்துக்கு விற்று மற்றதை அப்பணத்தில் வாங்குமாறு வழிகாட்டினார்கள். அதுவே இங்கும் பாதுகாப்பான வழி. பணமும் காசும் ஒரே அமர்வில் கைமாறட்டும். தபாலில், தவணையில் விற்பவர்கள் தம் ஆலிம்களிடம் விளக்கம் கேட்டுக்கொள்ளட்டும். ஸகாத்தையும் மறக்க வேண்டாம்: 595 கிராம் வெள்ளி என்ற நிஸாப் கணக்கில் 56 முழு வெள்ளி ரூபாய்கள் இருந்தாலே அந்த அளவு எட்டிவிடுகிறது, ஹனஃபிகள் கொள்ளும் 612 கிராம் கணக்கில் 58. பரண்மேல் கிடக்கும் பெட்டிக்கு ஸகாத் உண்டா என்று கேட்டவர்களை நாம் மிகக் குறைவாகவே கண்டிருக்கிறோம்.

நாட்டின் சட்டமும் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். விக்டோரியா, எட்வர்டு காசுகள் அனைத்தும் இன்று அதில் அடங்கும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்வது குற்றம். விற்பதைத் தொழிலாக நடத்த உரிமம் வேண்டும். வளைகுடாவிலோ மலேசியாவிலோ நல்ல விலை கிடைக்கும் என்று பயணப்பெட்டியில் வைத்து அனுப்புவோர் இதை அறிந்திருக்கட்டும். நிலத்தைத் தோண்டும்போது கிடைத்த காசு எனில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஐயமுள்ள காசுகளைக் காட்ட நாணயவியல் சங்கங்கள் உள்ளன. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயக்கூடத்துக்கு ஒருமுறை சென்று அசல்களைக் கண்ணால் பார்த்து வருவதும் நல்ல பயிற்சி. அசலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் போலி உறுத்தும்.

சகோதரருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். நிதியிலிருந்து எடுக்கவில்லை; ஏலத்தை நடத்திய நாங்கள் எழுவரும் நாலாயிரம் வீதம் போட்டோம். அவர் அதை மறுக்காமல் வாங்கிக்கொண்டார். அது அவருடைய உரிமை. காசு தந்த முதியவரிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. அவர் நம்பவில்லை, பாட்டனாரைப் பொய்யராக்குகிறீர்கள் என்று வருந்தினார். அவர் பாட்டனாரும் நம்மைப்போலவே நம்பி வாங்கியிருப்பார் என்று சொல்லிப் பார்த்தோம். இன்றும் அவர் நம்மிடம் முன்போல் பேசுவதில்லை.

கள்ளக்காசு கைக்கு வந்தால் அதைக் கிணற்றில் எறிந்துவிட வேண்டும், வேறெவர் கைக்கும் போகவிடக்கூடாது என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எழுதுகிறார்கள். கலிமா பொறித்ததை எறிய மனம் வரவில்லை. நிர்வாக அறையின் மேசை இழுப்பறையில், தனி உறையில் அது இருக்கிறது. எழுத்து படாத விளிம்பில் அரத்தால் ஆழமாக ஒரு வெட்டு இட்டு, உறையின் மேல் ‘போலி, 9.3 கிராம்’ என்று எழுதி வைத்திருக்கிறோம்.